கோலிக்கு ஒரே ஒரு சொல்

உட்காருங்கள் சார். அந்த நாற்காலி வேண்டாம், அதில் பிள்ளையின் துணி ஈரமாகக் கிடக்கிறது. இதில் உட்காருங்கள். கதவைச் சாத்தியதைத் தப்பாக நினைக்காதீர்கள். நான்கு மாதமாக இந்த வீட்டில் பகலிலும் தாழ்ப்பாள்தான்.

நீங்கள் யார் என்று எனக்குத் தெரியும். குணாளன் சார், தேசியக் கால்பந்து அணிக்குக் கோல் காக்கிற கோலிகளைப் பழக்குகிறவர். டிவியில் அந்த வெள்ளைக்கார மேனேஜருக்கு இரண்டு இருக்கை தள்ளி, நோட்டும் கையுமாக உட்கார்ந்திருப்பீர்கள். என் வீட்டுக்காரர் ரெஜிஸ் உங்களைப் பற்றி நல்லதாகத்தான் சொல்லியிருக்கிறார். அதனால்தான் கதவு திறந்தது. அந்த மேனேஜரே நேரில் வந்திருந்தால் மீன் கழுவிய தண்ணீர்தான், முகத்தில்.

சாயா குடியுங்கள். பால் இல்லை, கட்டன்தான்.

கேள்வியைத் திரும்பச் சொல்ல வேண்டாம். வாசலிலேயே சொல்லிவிட்டீர்கள். கொச்சி மேட்சில், எண்பத்தெட்டாவது நிமிஷத்தில், ரெஜிஸ் ஏன் கோலை விட்டு ஓடினான்? அதுதானே? அவரிடம் பத்துத் தடவை கேட்டாயிற்று. 'என் தப்பு சார்' என்பதற்குமேல் அவர் வாயைத் திறக்கவில்லை. நாளைக் காலையில் அடுத்த முகாமுக்குப் பெயர் எழுத வேண்டும். காரணம் தெரிந்தால் அவர் பெயர் இருக்கும், தெரியாவிட்டால் இருக்காது. போனை எடுக்காத மனுஷனைத் தேடி நீங்கள் இந்த மரியன்துறை வரைக்கும் வந்தாயிற்று. ஆளோ வீட்டில் இல்லை. தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் என் அண்ணன் ஸ்டெபினின் விசைப்படகில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருக்கிறார். மூன்று மணிக்குப் படகு கிளம்புகிறது. போனால் நாற்பது நாள். அவர் ஆடின கிளப்பும் இந்த வருஷம் கூப்பிடவில்லை. இன்று அந்தப் படகில் ஏறினால் அவர் கையுறையை இனி ஆணியிலிருந்து எடுக்கமாட்டார். எனக்குத் தெரியும்.

ஏன் ஓடினார் என்பதும் எனக்குத் தெரியும்.

சொல்கிறேன் சார். மணி இப்போது ஒன்றரைதானே? முதலில் நான் சொல்வதைக் கேளுங்கள். நான்கு மாதமாக இதைக் கேட்க இந்த வீட்டுக்கு ஓர் ஆள் வரவில்லை.

நான் புத்தகம் வாசிப்பதுபோல் பேசுகிறேன் என்று சிரிக்க வேண்டாம். கான்வென்ட் பழக்கம். எங்கள் சிஸ்டர் பெனடிக்டா, கடப்புறத்துப் பேச்சை, அதுதான் கடற்கரைப் பேச்சை, பள்ளி வாசலுக்கு வெளியே உதறிவிட்டு வா என்பார். 'என் புத்தகம்' என்பதற்கு 'எனக்க புத்தகம்' என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அந்தப் பாடவேளை முழுக்க முழங்கால் போட வேண்டும். பத்து வருஷம். இப்போதும் வெளியாள் யாரைப் பார்த்தாலும் என் நாக்கு தானாகவே முழங்கால் போட்டுவிடும். வீட்டுக்குள் அவரிடம் மட்டும்தான் எங்கள் பேச்சு. அதுவும் கோபம் வந்தால்தான் முழுசாக வரும்.

சரி, அந்த ஆளுக்கு வருகிறேன்.

உங்கள் மேனேஜர் வந்த முதல் மேட்சை நாங்கள் பங்கு மண்டபத்தில் பெரிய திரை கட்டிப் பார்த்தோம். எங்கள் ஊரில் பெண்பிள்ளைகளுக்கும் ஆஃப்சைடு தெரியும் சார். பூசை முடிந்ததும் ஃபாதரே அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு ஓடிவந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். எங்கள் ஊர்க் கோலி அல்லவா நாட்டுக்கு நிற்கிறார்! என் மடியில் பிள்ளை, நான்கு மாதக் குழந்தை. அவளுக்கும் நீலத் தொப்பி.

பார்த்தோம். பார்த்தோம். பார்த்துக்கொண்டே இருந்தோம். பந்து நம் கோலுக்கு முன்னால் இருக்கிற பெட்டிக்குள்ளேயே கிடந்து உருண்டது. இடத்துப் பையன் நடுப்பையனுக்குக் கொடுப்பான். நடுப்பையன் கோலிக்குக் கொடுப்பான். கோலி வலத்துப் பையனுக்கு. வலத்துப் பையன் திரும்பக் கோலிக்கு. எதிராளி மூன்று பேர் வாயைப் பிளந்துகொண்டு ஓடிவருகிறார்கள், நம் பையன்களோ வீட்டு விசேஷத்தில் பலகாரத் தட்டு நீட்டுகிற மாதிரி ஒருவருக்கொருவர் நீட்டிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டு மேபிள் அக்கா என் காதில் சொன்னாள்: "பிள்ளே, எதிர்க்கோலு எந்தப் பக்கம்னு இவனுவளுக்கு மறந்துபோச்சா? யாராவது போன் போட்டுச் சொல்லுங்களேன்!"

தையல்கடை லாசர் அண்ணன் எழுந்து நின்றார். "இது பந்துவெளையாட்டு இல்லவேய். பின்பாட்டு. முன்னால பாட ஒருத்தனும் இல்ல, பதினோரு பேரும் பின்னால நிண்ணு பாடுதானுவ."

மண்டபமே சிரித்தது. அன்றிலிருந்து உங்கள் மேனேஜருக்கு இந்தக் கரையில் பின்பாட்டு என்றுதான் பெயர். சொந்தப் பெயர் எங்களுக்கு வாயில் நுழையவும் இல்லை, நுழைக்கவும் இல்லை.

மறுநாள் பேப்பரில் போட்டிருந்தார்கள், பந்து எழுபது சதவீத நேரம் நம்மிடம்தான் இருந்ததாம். இருக்கும் சார். வீட்டுக் குப்பையும் நூறு சதவீதம் நம்மிடம்தான் இருக்கிறது.

ரெஜிஸின் கால் உங்களுக்குத் தெரியாதா? கடற்கரையில் எதிர்க்காற்றில் உதைத்து வளர்ந்த கால். அவர் எடுத்து அடித்தால் பந்து நடுக்கோட்டைத் தாண்டி, எதிராளி தலை நிமிர்ந்து பார்ப்பதற்குள் நம் முன்னாட்டக்காரன் நெஞ்சில் விழும். அதை அடிக்கக் கூடாது என்று சொன்னாரே, உங்கள் ஆள்! மயிலைப் பிடித்துக் கோழிக்கூண்டில் போட்டு நடக்கக் கற்றுக்கொடுத்த மாதிரி.

முகாமிலிருந்து ரெஜிஸ் போன் பண்ணினார். எவ்வளவு சந்தோஷமாகப் பேசினார் தெரியுமா, அந்த வெகுளி மனுஷன்! "டெல்பி, பந்து நம்மகிட்ட இருந்தா அவிய கோலு போட முடியாதுன்னு சாரு சொல்லுதாரு. அது சரிதானே? இருபத்தொம்பது வயசு வரைக்கும் என்னைக் கையாலதான் ஆடச் சொன்னாவ. காலுக்கும் அறிவு உண்டுன்னு இப்பதான் ஒருத்தரு சொல்லித் தாராரு."

நான் சொன்னேன், "பூனை சுத்துற முத்தத்துல உக்காந்து மீன் அரியச் சொல்லுதான் அவன். நீங்களும் அரியுதீங்க."

அவர் சிரித்தார். யார் முகம்கொடுத்துப் பேசினாலும் நம்பிவிடுவார் சார், அது அவர் சுபாவம். நான்தான் அவருக்கும் சேர்த்துக் கோபப்பட வேண்டியிருக்கிறது.

இரண்டாவது மேட்ச். நான் பயந்தது அப்படியே நடந்தது. பெட்டிக்குள் தட்டிக்கொண்டிருந்த பந்தை ஒருவன் பிடுங்கினான், போட்டான். பூச்சியத்துக்கு ஒன்று, தோல்வி. அன்று சாயங்காலம் போனைத் திறந்தால், சார், என் வீட்டுக்காரர் படத்துக்குக் கீழே என்னென்ன எழுதியிருந்தார்கள்! அவர் அம்மாவை, என்னை, பால்குடிக்கிற பிள்ளையை. பெயர் தெரியாத ஆட்கள், ஆயிரக்கணக்கில். தப்பு செய்யச் சொன்னவன் ஒருவன், திட்டு வாங்குகிறவன் இன்னொருவன். இது என்ன நியாயம்?

அந்த நேரத்தில்தான் ஒரு குரல் வெளியே வந்தது. உங்களுக்கும் வந்திருக்கும். வாட்ஸ்அப்பில் ஒரு பெண் பேசுவாளே, கடப்புறத்து அக்கா என்று பேர் வைத்துத் தமிழ்நாடு, கேரளா முழுக்கப் பரப்பினார்களே, அது. யாரோ ஒருத்தி. யார் என்று யாருக்கும் தெரியாது. மேனேஜரை வெளுத்து வாங்கியிருப்பாள். கடைசியில், வேதாகமத்தில் இயேசு பிசாசிடம் சொல்வதை எடுத்துச் சொல்லியிருப்பாள், 'அப்பாலே போ சாத்தானே' என்று. அப்பாலே போ, பந்தையும் எடுத்துக்கொண்டு அப்பாலே போ, போ, போ, போ என்று.

சரியாகத்தான் சொன்னாள் என்பேன். நீங்கள் அந்த அணியில் சம்பளம் வாங்குகிறவர், ஒத்துக்கொள்ளமாட்டீர்கள். ஆனால் நாட்டில் எல்லோர் வயிற்றிலும் எரிந்ததை ஒருத்தி வாயால் சொன்னாள். பத்து நாளில் அதற்குக் கொட்டு சேர்த்துப் பாட்டாக்கிவிட்டார்கள். ஆட்டோவில் ஓடியது, கல்யாண வீட்டில் ஓடியது. எங்கள் பங்கில் அசன விருந்துக்குச் சோறு போடும்போதுகூட ஒருவன் இரண்டாம் தடவை குழம்பு கேட்டால் 'அப்பாலே போ' என்றார்கள்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? சாயாவில் எறும்பு கிடக்கிறதா?

கொச்சிக்கு வருகிறேன். அன்று சமன் செய்தால் போதும், அடுத்த சுற்றுக்குப் போய்விடலாம். நாற்பதாயிரம் பேர். பாதி மலையாளி, பாதி நம் ஆட்கள். இரண்டு பாஷையிலும் 'போ' என்றால் 'போ'தான். பந்து பின்னால் வரும் ஒவ்வொரு தடவையும் கேலரி முழுக்க எழுந்தது. அப்பாலே போ! போ! போ! போ! எங்கள் மண்டபத்திலும் எழுந்தார்கள். நானும் எழுந்தேன். நாற்பதாயிரம் பேர் ஒரே வாயாக அந்த ஆளின் முகத்துக்கு நேரே சொன்னபோது, சார், பொய் சொல்லமாட்டேன், எனக்குப் புல்லரித்தது. இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு நானும் கத்தினேன். உங்கள் மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். புரியவில்லை அவருக்கு, பாவம். அவரைப் பாராட்டுவதாகக்கூட நினைத்திருப்பார்.

எண்பத்தெட்டு. பூச்சியத்துக்குப் பூச்சியம். நம் நடுப்பையன் பெட்டி ஓரத்தில் பந்தோடு நிற்கிறான். எதிராளி ஒருவன் அவன் முதுகில் ஏறுகிறான். கேலரி கத்துகிறது, போ, போ, போ. ரெஜிஸ் கோலை விட்டு ஓடிவருகிறார். விழுந்தடித்து, கண்மண் தெரியாமல், பந்து தன்னுடையது என்கிற மாதிரி. நடுப்பையன் அவர் வருவதைப் பார்க்கவில்லை. உங்கள் மேனேஜர் சொல்லிக்கொடுத்தபடியே பந்தைப் பின்னால் தட்டினான், கோலி நிற்க வேண்டிய இடத்துக்கு. கோலி அங்கே இல்லை. பந்து உருண்டது. அவ்வளவு மெதுவாக எந்தப் பந்தும் உருண்டு நான் பார்த்ததில்லை. ரெஜிஸ் திரும்பி அதன் பின்னால் ஓடினார். கோட்டைத் தாண்டின பிறகுதான் எட்டிப் பிடித்தார்.

மண்டபத்தில் என் பிள்ளைதான் அழுதாள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பிறகு நடந்ததை நீங்கள் பேப்பரில் வாசித்திருக்கமாட்டீர்கள். அவர் ஊருக்கு வந்த அன்று வாசல் கம்பியில் கிழிந்த வலை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். 'ஓட்ட வல, விற்பனைக்கு' என்று அட்டை. அடுத்த நாள் ஓட்டில் கல். ஒரு கல் தொட்டில் கட்டிய உத்தரத்துக்குப் பக்கத்தில் ஓட்டை உடைத்துக்கொண்டு விழுந்தது. பாருங்கள், அங்கே, புது ஓடு தெரிகிறதா? அதற்கு நேர் கீழேதான் தொட்டில். அன்றைக்கு அவள் என் மடியில் இருந்தாள். இல்லாவிட்டால்? நீங்களே சொல்லுங்கள், இல்லாவிட்டால்?

அதற்குப் பிறகு நான் ஜங்ஷன் பக்கம் போனதில்லை. அங்கே ஊர் கிளப் சுவரில் உட்கார்ந்திருப்பவர்கள் பிள்ளையைப் பார்த்து, 'கோலிக்க மோளே, அப்பன் எங்கே? ஓடிப்போயிட்டானா?' என்று கேட்பார்கள். சின்ன வயதில் என் தட்டில் கைபோட்டுத் தின்றவர்கள் சார். பூசைக்கு மடத்துச் சிற்றாலயத்துக்குப் பின்பக்கமாகப் போய் வருகிறேன். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்கு ஓடுகிறேன். அங்கேதான் கான்கிரீட் கூரை.

இத்தனைக்கும் காரணம் யார்? அந்த ஆள்தான். மேட்ச் முடிந்ததும் மைக் முன்னால் உட்கார்ந்து என்ன சொன்னார்? 'கோலி மேல் குற்றமில்லை, திட்டம் என்னுடையது, தோல்வியும் என்னுடையது.' பெரிய மனுஷத்தனம்! அவருடையது என்றால் கல் அவர் வீட்டு ஓட்டில் அல்லவா விழ வேண்டும்? நல்லவன் வேஷம் போடுவது அவருக்கு வசதி. எங்களுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

என்ன?

இல்லை, என்ன சொன்னீர்கள்? இன்னொரு தடவை சொல்லுங்கள்.

பஸ்ஸிலா?

கொச்சிக்கு முந்தின நாள், பயிற்சி முடிந்து திரும்பும்போது... பையன்கள் அந்தப் பாட்டை ஸ்பீக்கரில் போட்டு ஆடினார்களா? ரெஜிஸும் இருந்தாரா, பஸ்ஸில்? அவர் கேட்டாரா?

துண்டால் முகத்தை மூடிக்கொண்டாரா?

நீங்கள் அவர் அழுகிறார் என்று நினைத்தீர்கள். மேனேஜரைத் திட்டுவது பொறுக்காமல் அப்படி இருக்கிறார் என்று நினைத்தீர்கள்.

ஐயோ சார்.

இருங்கள். கொஞ்சம் இருங்கள். பிள்ளை முழிக்கிறாளா பார்க்கிறேன்.

இல்லை, தூங்குகிறாள்.

அந்தப் பாட்டின் தொடக்கத்தில், கொட்டு விழுவதற்கு முன்னால், ஒரு குழந்தை அழும். கவனித்தீர்களா? வாட்ஸ்அப்பில் அவள் பேசும்போது பின்னால் அழுத குழந்தை. அந்த அழுகையை வெட்டியெடுத்துத் தாளத்துக்கு வைத்துவிட்டார்கள். எல்லோருக்கும் அது ஏதோ குழந்தை. ஆனால் பெற்ற தகப்பனுக்கு?

நாந்தான் சார். அது எனக்க சத்தந்தான். எனக்க பிள்ளதான் அழுதா.

வாட்ஸ்அப்பில் எங்கள் ஐந்து பேர் குழு அது. மேபிள் அக்கா, அவள் தங்கை, எல்லாம் கடலுக்குப் போகிறவர்களின் பெண்டாட்டிகள். அந்த இரண்டாவது மேட்ச் தோல்விக்கு மறுநாள், எல்லாத் திட்டையும் வாசித்து முடித்துவிட்டு, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பேசினேன். "ஓய் வெள்ளக்காரா, பந்த எதுக்குவேய் பின்னால தட்டச் சொல்லுதே? பின்னால போனா அங்க வலைதானேவேய் இருக்கு! எங்க ஆம்பளைய மானத்த எடுக்கதுக்கா நீ கப்பலேறி வந்தே?" இப்படியே போகும், உங்களுக்குத் தெரியுமே. ஐந்து பேரைத் தாண்டாது என்று நினைத்தேன். ஒருத்தி தன் தம்பிக்கு அனுப்பியிருக்கிறாள். அவ்வளவுதான். வெளியில் நான் இப்படிப் பேசி யாருமே கேட்டதில்லை, அதனால் ஒருவருக்கும் என்னைத் தெரியவில்லை. குழுவில் இருந்த மற்ற நாலு பேரும் சிலுவை மேல் கைவைத்து வாயைப் பூட்டிக்கொண்டார்கள். அவருக்கு முகாமில் இதையெல்லாம் கேட்க எங்கே நேரம் என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

பஸ்ஸில் கேட்டாரா.

அன்று சாயங்காலம் போன் பண்ணினார் சார். இப்போது நினைவு வருகிறது. "பிள்ளைக்குச் சத்தம் கூடியிருக்கு இல்லியா?" என்றார். பிறகு, "உன்னை யாரும் ஒண்ணும் சொல்லல்லியே?" என்றார். என்னை யார் என்ன சொல்லப்போகிறார்கள் என்று நான் சிரித்துவிட்டு வைத்துவிட்டேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஏன் ஓடினார்?

இந்தக் கடற்கரையில் கோலி கடலுக்கு முதுகு காட்டி நிற்பான். அலையும் காற்றும் சேர்ந்து இரைச்சல். நீளமாகச் சொன்னால் ஒன்றும் விளங்காது. அதனால் கோலிக்கு ஒரே ஒரு சொல்தான். என் அண்ணன் ஸ்டெபின் அவருக்கு நேர் முன்னால் நின்று பதினொரு வருஷம் பந்தைத் தடுக்கிற ஸ்டாப்பராக ஆடினவன். பந்தைக் கோலி ஓடிவந்து எடுக்க வேண்டும் என்றால் அண்ணன் 'போ!' என்று கத்துவான். போ என்றால், வா, பந்து உனக்கு, நான் விலகுகிறேன். சொல் இல்லாவிட்டால் நில். பன்னிரண்டு வயதிலிருந்து அது அவர் காலில் ஊறியிருக்கிறது. நீங்கள் முகாமில் 'கீப்பர்', 'அவே' என்று இங்கிலீஷில் மாற்றினீர்கள். அவரும் மாறினார். ஆனால் நாற்பதாயிரம் பேர், ஒரே சொல்லை, அதுவும்...

அதுவும் எனக்க சத்தத்தில் இருந்து எடுத்த சொல்லை. போ, போ, போ.

இவ்வளவுதான் காரணம். ஊருக்குத் திரும்பின அன்று வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். நான் கேட்டேன், ஏன் ஓடினீர்கள் என்று. "அண்ணன் கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு" என்றார். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. அந்தச் சொல்லை அங்கே கொண்டுபோய் வைத்தது யார் என்று அவருக்குத் தெரியாது, எனக்குத்தான் தெரியும் என்று நினைத்து நான் பேசாமல் இருந்தேன். அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது என்று நினைத்து அவரும் பேசாமல் இருந்திருக்கிறார். நான்கு மாதமாக ஒரே பாயில் படுத்துக்கொண்டு.

கூட்டத்தின் சத்தம்தான் காரணம் என்று உங்களிடம் சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? எப்படிச் சொல்வார்? சொன்னால் நீங்கள் அந்த மேனேஜரிடம் சொல்வீர்கள், அவர் மைக்கில் சொல்வார், மறுநாள் எல்லா டிவிக்காரனும் அந்தக் குரல் யாருடையது என்று தோண்டுவான். இப்போதே ஒரு சேனல் 'கடப்புறத்து அக்கா எங்கே' என்று தேடிக்கொண்டிருக்கிறது. கோலியைத் தோற்கடித்தது கோலியின் பெண்டாட்டி என்று தெரிந்தால், சார், இந்த வீட்டில் ஓடு மிஞ்சுமா? அதற்குத்தான் அவர் 'என் தப்பு' என்று சொல்லிவிட்டு ஐஸ் சுமக்கிறார்.

மேனேஜருக்குச் சொல்லத்தான் வேண்டுமா? பெயரைச் சொல்லாமல் முடியாதா? யாரோ சொன்னது என்றால் அவர் பட்டியலில் எழுதமாட்டார், யார் சொன்னது என்று கேட்பார், இல்லையா? ஆமாம், கேட்பார். நானாக இருந்தாலும் கேட்பேன்.

வெளியே விடமாட்டார் என்கிறீர்கள். அந்த ஆளை நம்பச் சொல்கிறீர்கள். என்னை.

வேண்டாம் என்று சொன்னால் நீங்கள் சாயாவைக் குடித்துவிட்டுப் போய்விடுவீர்கள். படகு போய்விடும். அவர் பேசமாட்டார், நானும் பேசமாட்டேன், பிள்ளை வளர்ந்து கிளப் சுவரைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போவாள்.

சொல்லுங்கள். பெயரோடு சொல்லுங்கள். டெல்ஃபின், ரெஜிஸின் பெண்டாட்டி, அவள்தான் பேசினாள், அவளே சொன்னாள் என்று சொல்லுங்கள். கூடவே இன்னொன்றும் சொல்லுங்கள். மன்னிப்புக் கேட்டாள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ரெஜிஸிடம் நான் கேட்டுக்கொள்வேன், அது எங்கள் வீட்டுக் காரியம். அந்த மேனேஜரிடம் கேட்க எனக்கு ஒன்றுமில்லை. பெட்டிக்குள் நின்று பலகாரத் தட்டு நீட்டுவது தப்பு என்று நான் சொன்னது சொன்னதுதான். அதில் ஒரு வார்த்தை மாறாது.

மணி என்ன? இரண்டே காலா?

நீங்கள் தனியாகப் போனால் அவர் படகை விட்டு இறங்கமாட்டார் சார். 'என் தப்பு' என்று பதினோராம் தடவை சொல்லிவிட்டுக் கயிற்றை அவிழ்ப்பார். நான் சொல்லிவிட்டேன் என்று என் வாயால் கேட்டால்தான் அந்த வாய் திறக்கும். கார் கொண்டுவந்திருக்கிறீர்கள்தானே? இருங்கள், பிள்ளையைத் தூக்கிக்கொள்கிறேன். தூங்கட்டும், தோளில் போட்டுக்கொள்கிறேன். தொப்பி... அந்த நீலத் தொப்பி வேண்டாம். அந்தத் தாழ்ப்பாளைத் தட்டி எடுங்கள், துருப்பிடித்திருக்கிறது, மேல்பக்கமாகத் தட்டுங்கள்.

பின்பாதை கிடையாது சார், கார் போகிற வழி ஜங்ஷன் வழிதான். பரவாயில்லை, அப்படியே போங்கள். கிளப் சுவரில் எட்டுப் பத்துப் பேர் இருப்பானுவ. காரைக் கண்டால் ஏதாவது கத்துவானுவ. நீங்க பயந்து கண்ணாடிய ஏத்திராதீங்க, இறக்கியே வையுங்க. நாலு மாசமா அவனுவ பேசினானுவ, நான் அடுக்களைக்குள்ள நிண்ணு கேட்டேன். அந்தச் சுவருகிட்ட மட்டும் வண்டிய கொஞ்சம் மெதுவா விடுங்க சார். எனக்க சத்தம் எப்படி இருக்கும்னு இண்ணு அவனுவளும் நேருல கேக்கட்டு.